துடக்குவீட்டு லைன்மேன்

எங்கள் ஆட்களுக்கு என் வேலையை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி நான் களைத்துப்போனவன். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, எங்கே போனாலும் யாராவது ஒரு அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்ன செய்கிறீர் என்று கேட்பார். ஃபுட்போல் விளையாடுகிறேன் என்றால் அவருடைய கண் நேரே என் வயிற்றில் போய் நிற்கும். காலால் உதைக்கிற பந்து என்று நினைத்துக்கொண்டு, இந்த உடம்போடு இவன் எப்படி ஓடுகிறான் என்று யோசிப்பார். அது இல்லை, தலைக்கவசம் போட்டுக்கொண்டு இடிபடுகிற விளையாட்டு என்று சொன்னால், அப்படியென்றால் பந்தை எறிகிறது நீரோ என்பார். இல்லை. பிடிக்கிறது? அதுவும் இல்லை. பத்து வருடமாகச் சம்பளத்துக்கு விளையாடுகிறேன், ஆட்டத்தில் ஒருமுறைகூடப் பந்தைத் தொட்டதில்லை. இதைக் கேட்டதும் அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். கொலஸ்ட்ரோல் பார்த்தீரா என்று விசாரித்துவிட்டு வடைக்குக் கை நீட்டுவார்.

அவருக்காக இல்லை, உங்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பந்தை எறிகிறவன் பின்னால் நிற்பான். அவனுக்கு முன்னால் லைன்மேன் என்று ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்போம். எதிர்ப்பக்கத்தார் எங்களைத் தள்ளி விழுத்திக்கொண்டு உள்ளே வந்து அவனை நிலத்தில் போடப் பார்ப்பார்கள். அவன் பந்தை எறிந்து முடிக்கும்வரை நாங்கள் அவர்களை விடக்கூடாது. அவ்வளவுதான் வேலை. அந்த ஐந்து பேரில் நடுவில் நிற்பவனுக்கு இடப்பக்கத்தில் நிற்பவன் நான். ஒழுங்காகச் செய்தால் எங்களை ஒருவரும் கவனிப்பதில்லை. பிழைவிட்டால் தொலைக்காட்சியில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள்.

இதை நான் சொல்லாமலே விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அப்பா. அவர் டவுன்டவுனில் ஒரு பெரிய கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்தவர். வோபர்னில் நான் பள்ளிக்கூடத்துக்கு விளையாடிய முதல் ஆட்டத்துக்கு வேலை உடுப்போடு வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, காரில் ஏறியதும் சொன்னார்: "இது என்ர வேலைதானே. வாசல்ல நிக்கிறது. ஆரையும் உள்ள விடக்கூடாது." அதற்குப் பிறகு அவருக்கு நான் எதையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

நான் தொழில்முறை ஆட்டக்காரனாகி, ஏரிக்கரையில் இருக்கிற அந்த மைதானத்தில் விளையாடத் தொடங்கிய பிறகும் அவர் மாறவில்லை. அங்கே நடக்கும் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார். ஆனால் பந்து எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. எத்தனை புள்ளி, யார் வென்றது என்பதையெல்லாம் வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம்தான் கேட்பார். சிலவேளை தன் தம்பியையும், அதாவது என் சித்தப்பாவையும், கூட்டிக்கொண்டு வருவார். சித்தப்பா பாதி ஆட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிடுவார். அப்பா முழங்கையால் இடித்து எழுப்பி, "பந்தைப் பாக்காதை, உவனைப் பார்" என்பார். ஆட்டம் முடிந்து நான் உடுப்பு மாற்றி வெளியே வந்ததும் அப்பாவிடமிருந்து எப்போதும் ஒரே கேள்விதான் வரும்: "ஆரும் உள்ள வந்தவையோ?"

இல்லை என்றால் எங்கள் மில்லிக்கன் வீடு வரைக்கும் வானொலி கேட்டுக்கொண்டு நிம்மதியாக வருவார். ஓம் என்றால் விசாரணை தொடங்கும். எந்தப் பக்கத்தால் வந்தான், எந்தக் கையால் தள்ளினான், உன் கால் எங்கே நின்றது. வீட்டுக்கு வந்து கராஜ் கதவு திறக்கிறவரைக்கும் விடமாட்டார்.

அந்த மனிதர் மே மாதத்தில் ஒரு காலை, வேலைக்குப் போவதற்குச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, படியில் இருந்தபடியே போய்விட்டார். அம்புலன்ஸ்காரர் வந்து செய்ததெல்லாம் செய்தார்கள். மறுநாள் எங்கள் கழகத்தின் பயிற்சி முகாம் தொடங்க இருந்தது.

முகாம் என்றால் எங்கள் தொழிலில் அதுதான் தேர்வு. யாருக்கு இடம், யார் வீட்டுக்கு என்று அங்கேதான் தீர்மானிப்பார்கள். எனக்கு முப்பது தாண்டிவிட்டது, முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை. என் இடத்துக்கென்றே மேற்கிலிருந்து ஒரு இளம்பொடியனை எடுத்திருந்தார்கள். அவனும் என்னைப்போலக் கனடாக்காரன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு அணியிலும் இத்தனை பேர் கனடாக்காரராக இருக்கவேண்டும் என்று சட்டம். கழகங்கள் அந்த எண்ணிக்கையைப் பெரும்பாலும் எங்கள் வரிசையில்தான் நிரப்பும். அதனால் அமெரிக்காவிலிருந்து வருகிற பொடியள் சிலர், நீ கடவுச்சீட்டைக் காட்டித்தானே வந்தாய் என்று நக்கல் அடிப்பார்கள். என் அப்பா இந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்கு எத்தனை வருடம் வாசலில் நின்றார் என்று அவர்களுக்கு யார் சொல்வது. நான் சொன்னதில்லை. மறுநாள் பயிற்சியில் அவர்களை நிலத்தில் இருத்திக் காட்டியிருக்கிறேன்.

செத்தவீடு ஸ்கார்பரோவில் நடந்தது. நான்தான் மூத்தவன், ஒரே மகனும். தலையையும் தாடியையும் வழித்தார்கள். ஐயர் சொன்னதையெல்லாம் செய்து, கடைசியில் தகன உலையின் பொத்தானை அழுத்தினேன். கொள்ளி வைக்கிறது என்று இப்போதும் அதைத்தான் சொல்கிறோம். என் விரலுக்கு அது மிகச் சின்னப் பொத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்று முதல் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை துடக்கு, அதாவது தீட்டு. கொள்ளி வைத்தவன் மச்சம் தொடக்கூடாது. மச்சம் என்றால் இறைச்சி, மீன் மட்டும் இல்லை, முட்டையும்தான். நான் பெரிய பக்திமான் இல்லை. கோயிலுக்குத் தேருக்குப் போனால் அன்னதான வரிசையில் நிற்பதோடு சரி. ஆனாலும் அன்று பின்னேரம் உறவினர் கொண்டுவந்து வைத்த மரக்கறிச் சோற்றுக்கு முன்னால் இருந்தபோது, இதை ஒருநாளும் உடைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

கோச்சுக்குத் தொலைபேசி எடுத்தேன். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்தவர், கெட்ட மனிதர் இல்லை. முதலில் அனுதாபம் சொன்னார், ஒரு கிழமை எடுத்துக்கொள் என்றார். சாப்பாட்டு விசயத்தைச் சொன்னேன். பிறகு மரியாதையாகவே, உன் சமயம் உன்னுடையது, ஆனால் இறுதித் தெரிவு நாளில் தராசு முந்நூறு இறாத்தலுக்குக் கீழே காட்டினால் அந்த இடம் இளம்பொடியனுக்குத்தான் என்றார். உனக்கு முன்னால் நிற்கப்போகிறவன் முந்நூற்றிருபது என்று நினைவூட்டினார். நான் ஓம் என்று வைத்துவிட்டேன். அப்போது என் நிறை முந்நூற்றெட்டு, கிலோ கணக்கில் நூற்று நாற்பது.

என்னைப்போல ஒரு உடம்பு சும்மா நிற்பதில்லை. அதற்கு மணிக்கு மணி தீனி போடவேண்டும். கழகத்தின் சாப்பாட்டு ஆலோசகப் பெண் நல்லவள். கோழி வேண்டாம், சரி, மீன் தின்னலாமா என்று கேட்டாள். மாட்டேன். முட்டை? மாட்டேன். கோழி அவித்த தண்ணீர் மட்டும்? அதுவும் மாட்டேன். அந்தப் பிள்ளை பேனையை மேசையில் வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டாள். பிறகு சோயா, கடலை வெண்ணெய் என்று ஏதேதோ ஒழுங்குசெய்து தந்தாள். வீட்டில் அம்மா, அழுது வீங்கிய முகத்தோடு, உளுந்து அவித்தார், பயறு அவித்தார், கொண்டைக்கடலை தாளித்தார், கிரைண்டர் ஓயவே இல்லை. புருஷனை இழந்த கிழமையில் ஒரு மனுசி செய்யக்கூடிய வேலையா அது என்று அன்ரிமார் கேட்டார்கள். அம்மா அடுத்த நாளுக்குக் கடலை ஊறப்போட்டார். நான் தின்றேன். வயிறு ஊதியது, நிறை இறங்கியது.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, வீடு நிறைய ஆட்கள். எங்கள் குடும்ப வழக்கப்படி அன்று அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். ஆட்டிறைச்சி, நண்டு, இறால், அவர் எப்போதாவது குடிக்கிற சின்னப் போத்தல். படைத்த பிறகு எல்லாரும் சாப்பிடுவார்கள், கொள்ளி வைத்தவனைத் தவிர. முந்நூறு இறாத்தல் மனிதன் ஒருவன் மூலையில் கதிரையில் இருந்து பருப்பும் சோறும் பிசைந்துகொண்டிருக்க, சுற்றிவர இருந்த சனம் நண்டு உடைத்தது. அந்தச் சத்தத்தை நான் யாருக்கும் மன்னிக்கவில்லை.

நண்டு உடைத்து முடித்த சித்தப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி தொடங்கினார்.

"அண்ணைக்கு இண்டைக்குத்தான் எட்டு. உவன் நாளைக்குப் பந்தடிக்கப் போறானாம். துடக்கு வீட்டில இருந்து விளையாடப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

அது விளையாட்டில்லை சித்தப்பா, வேலை என்றேன். வேலை என்றால் லீவு எடு என்றார். எடுத்தால் இடம் போய்விடும் என்றேன். போனால் போகட்டும், தகப்பனைவிடப் பெரிசோ என்று கேட்டார். நான் எழும்பினேன். நான் எழும்பினால் ஒரு அறையில் கொஞ்சம் வெளிச்சம் குறையும். ஆனால் வாய்க்குள் இருந்த வார்த்தைகள் ஒன்றும் நல்லவை இல்லை, அப்பாவின் படத்துக்கு முன்னால் சொல்லக்கூடியவையும் இல்லை.

குசினி வாசலில் நின்ற அம்மாதான் பேசினார். அந்த எட்டு நாளிலும் அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒன்றும் வந்ததில்லை.

"தம்பி, உங்கட அப்பா, மாமா, செத்திட்டாரெண்டு ஊரில இருந்து ஃபோன் வந்த நேரம் நாங்கள் இஞ்ச பார்க்டேலில இருந்தனாங்கள். பேப்பர் இல்லை, இவரால வரேலாது. நீங்கள் அங்க கொள்ளி வைச்சீங்கள். இவர் இஞ்ச என்ன செய்தவர் தெரியுமோ? பாத்ரூமில நிண்டு தானே தலையை வழிச்சார். யூனிஃபோர்மைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். முப்பத்தொரு நாளும் சோறும் பருப்பும், முப்பத்தொரு நாளும் வாசல்ல நிண்டவர். இவன் அப்ப கைக்குழந்தை. அவரை மகனில்லை எண்டு சொல்லுவீங்களோ?"

எனக்கு இது தெரியாது. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சித்தப்பாவுக்கும் தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது, "செய்யிறதைச் செய்யுங்கோ. நான் உதைப் பாக்கமாட்டன்" என்றார். அம்மா என்னைப் பார்த்து, காலையில் எத்தனை மணிக்குப் போகவேண்டும், கட்டித் தருகிறேன் என்றார்.

முகாம் ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டத்தில், ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தது. முதல்நாள் தலைக்கவசத்தைப் போட்டேன், அது தலையில் ஆடியது. முடியோடு இருந்த தலைக்கு அளவெடுத்த கவசம். சாமான் அறைக் கிழவர் என் மொட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே மெத்தைகளை மாற்றிப் பொருத்தித் தந்தார். ஏன் மொட்டை என்று பொடியள் கேட்டார்கள். சொன்னேன். அன்றிலிருந்து ஒருவரும் கடவுச்சீட்டுப் பகிடி விடவில்லை. எங்கள் வரிசையில் நடுவில் நிற்கிறவன் என் நெடுநாள் கூட்டாளி, கோதுமை வயல்களுக்கு நடுவே வளர்ந்தவன். எனக்குத் துணையாகத் தானும் மரக்கறி சாப்பிடுவதாக அறிவித்தான். மத்தியானத்துக்கே கைவிட்டுவிட்டு, மாட்டிறைச்சித் தட்டோடு வந்து எனக்கு முதுகைக் காட்டி இருந்து சாப்பிட்டான்.

இறுதித் தெரிவு நாளன்று காலை, தராசுக்கு முன்னால் வரிசை. அந்தக் கூட்டாளி என் காதுக்குள் வந்து, அரைக்காற்சட்டைக்குள் ஒரு இரும்புத் தட்டு வைத்துக்கொள், எல்லாரும் செய்கிறதுதான் என்றான். உண்மைதான், எல்லாரும் செய்கிறார்கள், நானும் இளவயதில் கலன் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் ஏறியவன்தான். இந்தமுறை மாட்டேன் என்றேன். அப்பாவுக்காக மச்சம் விட்டுக் குறைந்த நிறை அது. அதை நான் ஏன் ஒளிக்கவேண்டும்? ஏறினேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

கோச் தாளில் எழுதிவிட்டு, தலையை ஆட்டினார். மன்னித்துக்கொள் என்று தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் முழங்கால் நோகூட மறந்துபோனது. பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. என்னைத் தராசில் வைத்துப் பார்க்கிறீர்கள், என் வேலை தராசில் நடப்பதில்லை, உங்களிடம் இருக்கிறதிலேயே பெரிய ஆளை எனக்கு முன்னால் விடுங்கள், அவன் உள்ளே போனால் நானே என் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். யாரோ ஒருவன் விசிலடித்தான். கோச் என்னைப் பார்த்தார். சரி, மூன்று தடவை என்றார்.

அந்தப் பெரிய ஆள் உண்மையிலேயே பெரியவன். முதல் தடவை அவன் மோதியபோது என் குதிக்கால் இரண்டும் புல்லை உழுதுகொண்டு பின்னால் போயின. அவன் உள்ளே போகவில்லை, ஆனால் இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் போயிருப்பான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பழைய நிறையை நம்பி நின்றிருக்கிறேன் என்று. முந்நூற்றெட்டு இறாத்தல் மனிதன் வருகிறவனைத் தாங்கிக்கொள்ளலாம். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று தாங்காது. அவன் தொடவருமுன் நான் தொடவேண்டும். இரண்டாம் தடவை இன்னும் கீழே குனிந்தேன், பந்து அசைந்த அதே நொடியில் இரண்டு உள்ளங்கையாலும் அவன் நெஞ்செலும்பில் கொடுத்தேன். அவன் நிமிர்ந்துபோனான். நிமிர்ந்தவனுக்குப் பலமில்லை. குறைந்த நிறையில் என் கால் முன்னையைவிட வேகமாக ஓடியது, அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் அங்கே இருந்தேன். மூன்றாம் தடவை அவன் என்னைச் சுற்றிவரப் பார்த்து, கடைசியில் புல்லில் முழங்காலூன்றி நின்றான். எழும்பி என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

கோச் தன் தாளை மடித்துக்கொண்டு போனார். பின்னேரம் தன் அறைக்குக் கூப்பிட்டு, முதல் ஆட்டத்தைத் தொடங்குகிறவன் நீ என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அந்த ஆட்டத்தில் உன்னைத் தாண்டி ஒருவன் உள்ளே வந்தால், அந்த நிமிடமே நீ வெளியே, பொடியன் உள்ளே. நான் சரி என்றேன். அப்பா வைத்த விதியும் ஏறக்குறைய அதுதான்.

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில். ஏரிக்காற்று விடாமல் அடித்தது. அம்மா துடக்கென்று வரவில்லை, வீட்டில் தொலைக்காட்சி போடுவதும் இல்லை என்றார். அப்பா வழக்கமாக இருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்தேன். அங்கே யாரோ இரண்டு பொடியள் நாச்சோஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. இளம்பொடியன் கோட்டுக்கு வெளியே தலைக்கவசத்தோடு ஆயத்தமாக நின்றான். எனக்கு எதிரே நின்றவன் தொடக்கத்திலிருந்தே என் மொட்டையைப் பற்றி, நிறையைப் பற்றி, பிறகு என் அம்மாவைப் பற்றிக் கதைத்தான். கதைக்கட்டும் என்று விட்டேன். அவன் கதைக்கிற மூச்சு எனக்கு மிச்சம்.

மூன்றாம் காற்பகுதியில், பந்தை எறிகிற எங்கள் குவாட்டர்பேக் விழுந்தான். பின்னால் அந்தச் சத்தம் கேட்டது, மைதானம் முழுக்க ஓ என்றது. குனிந்து பார்த்தேன், என் ஆள் என் கைக்குள்தான் இருந்தான், அவன் சட்டை என் விரலுக்குள் இருந்தது. எனக்கு இடப்பக்கத்தில் நிற்கிறவன்தான் நிலத்தில் கிடந்தான், அவனைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். கோச் பொடியனின் தோளில் கை வைத்துவிட்டார். நான் என் ஆளை விடாமல், அவனைப் பிடித்தபடியே கோச்சின் பக்கம் திரும்பி நின்றேன். பார்க்கட்டும் என்று. கோச் பெரிய திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொடியனின் தோளிலிருந்து கையை எடுத்தார். ஆட்டம் முடியும்வரை நான்தான் நின்றேன். வென்றோமா தோற்றோமா என்பதை அப்பாவைப்போல நீங்களும் பிறகு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எல்லாரும் நன்றாக விளையாடினாய் என்றார்கள். அது எனக்குப் போதவில்லை. காரில் ஏறி, கதவைச் சாத்தி, கொஞ்சநேரம் அழுதேன். பிறகு வானொலியைப் போட்டுக்கொண்டு மில்லிக்கனுக்கு ஓடினேன்.

அடுத்த கிழமை அந்தியேட்டி. காலையில் கிரியை எல்லாம் முடிந்து, வீட்டில் ஆட்களுக்குச் சாப்பாடு நடந்தது. சித்தப்பா வந்திருந்தார். எட்டுச் செலவுக்குப் பிறகு நாங்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. கிரியையில் எள்ளை எடுத்துத் தரும்போதும் அவர் என் கையைத்தான் பார்த்தார். நானும் வலியப் போய்க் கதைக்கிற ஆளில்லை. கராஜுக்குள் போட்டிருந்த கதிரையொன்றில் தட்டோடு இருந்தேன். அவரும் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தார். கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்தார். நாலைந்து வாய் சாப்பிட்டார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மூண்டாம் குவாட்டரில ஒருத்தன் உள்ள வந்திட்டானெல்லே?"

நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அது என்ர கதவில்லை, சித்தப்பா."

"தெரியும்" என்றார். "நான் பந்தைப் பாக்கேல்லை."